நான்கு பக்கமும் எழுதிய முகவரி

இந்தக் கட்டுரையில் ஊர்ப் பெயர்கள் வரும். தெருப் பெயரும் கதவிலக்கமும் வராது. வாசிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஒரு முகவரியை முழுசாக எழுதி நான் பட்டது போதும். தங்கையின் பெயரைக்கூட மாற்றித்தான் எழுதுகிறேன். வசந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் புருஷனுக்குக் குணசீலன் என்று பெயர் வைத்திருக்கிறேன். அந்தப் பெயருக்கும் அவன் குணத்துக்கும் சம்பந்தம் இல்லை.

நான் தபால் இலாகாவில் வேலை பார்க்கிறவள். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தபாலாபீஸ். வருகிற கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிப்பதும், மத்தியானத்துக்கு மேல் கவுண்டரில் உட்காருவதும் இருபத்திரண்டு வருஷமாக என் வேலை. பாதி முகவரியோடு யாராவது உறையை நீட்டினால் அப்படியே திருப்பித் தள்ளிவிடுவேன். “கதவிலக்கம் எங்கே? பின்கோடு எங்கே? உங்க மாமா வீட்டை நான் கனவுலயா கண்டேன்?” என்று கேட்டால் மனுஷர்களுக்குக் கோபம் வரும். வரட்டுமே. ஊரில் எனக்கு ‘முழுவிலாசம்’ என்று ஒரு பட்டப்பெயரே உண்டு. அதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

வசந்தியைக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் குணசீலனுக்குக் கட்டிக்கொடுத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. கை நீட்டுகிறவன். முதல் வருஷத்திலேயே நீட்டினான். எங்களுக்குத் தெரிய பத்து வருஷம் பிடித்தது. ஒருநாள் கட்டின புடவையோடு கிளம்பி, பக்கத்து ஊரான கிள்ளானுக்குப் போய், கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை தேடிக்கொண்டாள். கடைவீட்டு மாடியில் ஓர் அறை. பாஸ்போர்ட் அவன் பூட்டி வைத்த அலமாரிக்குள் மாட்டிக்கொண்டதால் ஊருக்கு வர வழியில்லை.

அங்கிருந்து எனக்கு எழுதின முதல் கடிதத்திலேயே சொல்லிவிட்டாள். “அக்கா, இந்த அட்ரஸ் உன்னோட இருக்கட்டும். யார்கிட்டயும் சொல்லாதே. அவனுக்குத் தெரிஞ்சா என்னை உயிரோட விட மாட்டான்.” நான் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து, தொண்ணூறுகளின் நடுவில், “ஒரே ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போயேன்” என்று அவள் எழுதியபோது, வளையலை அடகு வைத்து டிக்கெட் எடுத்தேன்.

முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய், வடகம், காப்பித்தூள், ஒரு கைத்தறிச் சேலை, அம்மாவின் படம். எல்லாவற்றையும் ஒரு சோப்பு அட்டைப்பெட்டியில் அடைத்து நீல நைலான் கயிற்றால் கட்டினேன். பிறகு கறுப்பு மார்க்கரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திருமதி வசந்தி குணசீலன், கதவிலக்கம், மாடி, சாலை, கிள்ளான், அஞ்சல் குறியீடு, சிலாங்கூர், மலேசியா. நான்கு பக்கமும் எழுதினேன். இரண்டு பக்கம் தமிழ், இரண்டு பக்கம் ஆங்கிலம். கல்யாணமான பெண்ணின் விலாசத்தில் புருஷன் பெயர் இல்லாவிட்டால் அது எனக்கு விலாசமாகவே தோன்றாது. சொல்லாதே என்றுதானே அவள் சொன்னாள்? எழுதக் கூடாது என்று என் மண்டையில் ஏறவே இல்லை.

விமானத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் வேட்டி கட்டின பெரியவர். இறங்கும்போது கொடுக்க வேண்டிய சீட்டை நிரப்பத் தெரியாமல் விழித்தார். நான் நிரப்பிக் கொடுத்தேன். “சர்க்கார் உத்தியோகமாம்” என்று பின்வரிசைக்குச் சேதி போய்விட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? ஏழு பாஸ்போர்ட் என் மடியில் வந்து விழுந்தன. யாருக்கு எத்தனை வயது, யார் எந்தத் தெருவில் தங்கப் போகிறார், யார் வீட்டில் இப்போது ஆள் இல்லை என்பதெல்லாம் ஒரு மணி நேரத்தில் எனக்கு அத்துப்படி. ஒருத்தருக்கும் தயக்கம் இல்லை. நான் திருடியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது எனக்கும் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை.

சுபாங் விமான நிலையத்தில் பெட்டிகள் சுற்றிச்சுற்றி வந்தன. முக்கால்வாசி சோப்பு அட்டைப்பெட்டி, முக்கால்வாசி நீலக் கயிறு. கூட்டம் கலைந்த பிறகு ஒரே ஒரு பெட்டி தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் அதில் ஓர் எழுத்தும் இல்லை. என்னுடையது போயே போய்விட்டது. மேஜையில் இருந்த மலாய்ப் பெண் பொறுமையாக ஒரு படிவம் நிரப்பச் சொன்னாள். யாராவது மாற்றி எடுத்துப் போயிருப்பார்கள், பயப்படாதீர்கள் என்றாள். “எனக்கென்ன பயம்? விலாசம் முழுசா எழுதியிருக்கேன், எங்கே போனாலும் வீடு வந்து சேரும்” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

டாக்சிக்காரர் தமிழர். “அக்கா ஊர்லேர்ந்தா? கிள்ளானா? இப்போ ஜேம் இருக்கும்லா, பரவால்ல, மெதுவா போவோம்” என்று பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. யார் வீட்டுக்கு, சொந்தமா, என்ன வேலை என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டு வாசலில் இறங்காமல் தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டேன். எவ்வளவு சாமர்த்தியமாக நடந்துகொண்டோம் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டு மாடி ஏறினேன்.

வசந்தி இளைத்திருந்தாள். தலையில் நரை. என்னைவிட எட்டு வயது சின்னவள். கட்டிக்கொண்டு அழுதோம், பிறகு சிரித்தோம், பிறகு மறுபடியும் அழுதோம். பெட்டி தொலைந்த கதையைச் சொன்னேன். “கவலைப்படாதே, நாலு பக்கமும் உன் விலாசம் எழுதியிருக்கேன்” என்றேன். காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

“என் பேரும் எழுதினியா?”

“பேர் இல்லாம எப்படிடீ? உன் பேரு, அவன் பேரு, எல்லாம்தான்.”

அவள் என்னைத் திட்டவில்லை. எழுந்து போய் இரும்புக் கதவில் இரண்டாவது பூட்டையும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஊர் சுற்றிக் காட்டினாள். காலையில் ரொட்டி சானாய், தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு. நம் ஊர்ப் பரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருந்தது. தேநீரைக் கடைக்காரன் முழ நீளத்துக்கு இழுத்து ஆற்றினான். கோலாலம்பூர் போகலாமா என்றேன். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் மட்டும் வேண்டாம் என்றாள். பத்து வருஷம் நான் கடிதம் போட்ட இடத்தைத் தூரத்திலிருந்துகூடப் பார்க்கவில்லை. அந்தத் திசையில் பஸ் திரும்பியபோது முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அவள் வாழ்கிற விதத்தை அன்றுதான் பார்த்தேன். மின்சார பில் வீட்டுக்காரச் சீனர் பெயரில். தொலைபேசி கிடையாது. தபால்பெட்டியில் பெயர் கிடையாது. வேலைக்குப் போக ஒரு வழி, வர ஒரு வழி. தொழிற்சாலையின் நம்பரை எனக்குச் சொல்லி, “எழுதி வைக்காதேக்கா, மனப்பாடம் பண்ணிக்கோ” என்று மூன்று தடவை ஒப்பிக்க வைத்தாள்.

“தபால்பெட்டில பேர் இல்லேன்னா தபால்காரர் உன்னை எப்படிடீ கண்டுபிடிப்பார்?” என்று கேட்டேன். பழக்கதோஷம்.

“கண்டுபிடிக்கக் கூடாதுன்னுதான்க்கா” என்றாள்.

சாயங்காலம் அவள் சமைத்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் துணிகளோடு துணியாகக் கிடந்த அவளுடைய சம்பளச் சீட்டுகளை எடுத்து, மாதவாரியாக அடுக்கி, காலண்டர் ஆணியில் குத்தித் தொங்கவிட்டேன். அவள் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அவள் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய்விட்டாள். மூன்று மணிக்குத்தான் வருவாள். பதினோரு மணி இருக்கும், யாரோ கம்பிக் கதவைத் தட்டினார்கள். போய்ப் பார்த்தால் ஒருவர் தோளில் என் பெட்டி! நீலக் கயிறு, என் கையெழுத்து. “வந்துடுச்சே!” என்று கத்திவிட்டேன். சந்தோஷத்தில் இரண்டு பூட்டையும் திறந்தேன். பெட்டி கீழே இறங்கிய பிறகுதான் அதற்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தேன்.

“சௌக்கியமாக்கா?” என்றான் குணசீலன்.

இஸ்திரி போட்ட சட்டை, வாரின தலை. செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். நான் எதுவும் கேட்கவில்லை, அவனே சொன்னான். “நம்ம ப்ரிக்ஃபீல்ட்ஸ்ல துணிக்கட வச்சிருக்காரு ஒரு அங்கிள், ஊருக்குப் போய்ட்டு உங்க ஃப்லைட்லதான் வந்தாரு. பொட்டி மாறிப்போச்சு. வீட்ல போய்ப் பாத்தா என் பேரு. ‘குணா, உன் சம்சாரத்துக்கு ஊர்லேர்ந்து பொட்டி வந்திருக்கு, அட்ரஸ் கிள்ளான்னு போட்டிருக்கே, வீடு மாத்திட்டியா?’ன்னு கேட்டு நேரா எங்கிட்டயே கொண்டாந்து குடுத்துட்டாரு. நல்ல மனுசன்லா.”

கயிற்றின் முடிச்சைப் பார்த்தேன். நான் போட்ட முடிச்சு இல்லை.

“முறுக்கு நல்லா இருந்துச்சுக்கா” என்றான்.

வசந்தி இங்கே இல்லை, ஊரைவிட்டே போய்விட்டாள் என்றேன். கொடியில் காய்ந்த அவள் சட்டையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். “அப்டியா? பரவால்ல, வெய்ட் பண்றேன். ஒரு காப்பி போடுங்கக்கா.” பால் இல்லை, கீழே போய் வாங்கி வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பால் இருந்தது.

மளிகைக் கடையில் நாணயம் போடுகிற தொலைபேசி. மனப்பாடம் செய்த நம்பர் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்ததே, அந்த ஒன்றுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். யாரோ எடுத்தார்கள், யாரையோ கூப்பிட்டார்கள், இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் நாணயங்களை விழுங்கிக்கொண்டே இருந்தது அந்தத் தொலைபேசி. கடைசியில் வசந்தியின் குரல்.

“வசந்தி, வீட்டுக்கு வராதே. பெட்டி வந்துடுச்சு. அவன்தான் கொண்டாந்திருக்கான். மேலே உக்காந்திருக்கான்.”

வாய்க்கு வந்தபடி திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“நீ பத்திரமா இருக்கியாக்கா?” என்று கேட்டாள்.

பாலோடு மேலே போனேன். போகாமல் இருக்க முடியாது, சந்தேகம் வந்து தொழிற்சாலைப் பக்கம் தேடக் கிளம்பிவிட்டால்? ஆனால் மேலே போனபோது அவன் காலண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தான். நான் அடுக்கிக் குத்தி வைத்த சம்பளச் சீட்டுகளில் மேலே இருந்ததை எடுத்து, வரிவரியாக வாசித்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

நாலரை மணி வரை இருந்தான். இரண்டு காப்பி குடித்தான். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. இப்படிப்பட்டவனைப் பார்த்துத்தானே நாங்கள் பெண் கொடுத்தோம் என்று நினைத்தபோது எனக்கு என் முகத்திலேயே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: “வீடு தெரிஞ்சிருச்சு, ஃபேக்டரியும் தெரிஞ்சிருச்சு. அவசரமே இல்லக்கா. மெதுவா பாத்துக்கலாம்.”

அந்த ஒரு நாளில் வசந்திக்கு வீடும் போனது, வேலையும் போனது. இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த இரண்டும்.

நாலாம் நாள் காலையில் மேரி என்ற பெண் மோட்டார் சைக்கிளில் வந்தாள். வசந்தியோடு ஒரே வரிசையில் நின்று வேலை பார்க்கிறவள். “ஆன்டி, அவங்க எங்கம்மா வீட்ல இருக்காங்க, கேரி தீவுல. எஸ்டேட்டுக்குள்ள புதுசா யாரும் வந்தா பத்து பேர் கேப்பாங்க, நீங்க பயப்படாதீங்க. நாளைக்கு பந்திங் பாசாருக்குக் கூட்டிட்டு வரேன். நீங்க பஸ்ல வாங்க. நேரா மட்டும் வராதீங்க, வழியில ஒரு தடவை எறங்கி வேற பஸ் ஏறுங்க.” வசந்தி இப்போது அந்தத் தீவில் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். அறையில் இருந்த துணிமணிகளை இரண்டு பைகளில் கட்டி மேரியிடம் கொடுத்து, அவனுக்குத் தொழிற்சாலையும் தெரிந்துவிட்டதைச் சொல்லி அனுப்பினேன். சம்பளச் சீட்டுகளை அடுப்பில் கொளுத்தினேன். வீட்டுக்காரச் சீனரிடம் சாவியை ஒப்படைத்துவிட்டு, மீதி நாளுக்குக் கிள்ளானிலேயே ஒரு மலிவான விடுதியில் தங்கினேன்.

ஐந்தாம் நாள் பஸ் ஏறினேன். மேரி சொன்னபடி வழியில் இறங்கி வேறொன்றில் ஏறினேன். பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்ததில் பந்திங்கில் இறங்காமல் விட்டுவிட்டேன். பஸ் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போய்க்கொண்டே இருந்தது. “அக்கா, இது டெங்கில்” என்று கண்டக்டர் சொன்ன பிறகுதான் விழித்துக்கொண்டேன். திரும்பி வர ஒன்றரை மணி நேரம் போனது. தங்கையோடு இருக்கக் கிடைத்ததே இரண்டு மணி நேரம். அதிலும் முக்கால்வாசியைப் பஸ்ஸில் தொலைத்தேன்.

பந்திங் சந்தைக்குள் ஒரு சாப்பாட்டுக் கடை. வசந்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், மேரி தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மீன் குழம்பு நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும், எனக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டியில் மிச்சம் இருந்ததைக் கொண்டு போயிருந்தேன். முறுக்கு டப்பாவை நீட்டினேன். “அவன் கை வச்சதா?” என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். டப்பாவை நகர்த்திவிட்டு அம்மாவின் படத்தையும் சேலையையும் மட்டும் எடுத்துக்கொண்டாள்.

“என்னை மன்னிச்சுடுடீ” என்றேன்.

“உன்மேல கோவம் இல்லக்கா.”

“போலீசுக்குப் போகலாமே.”

“ரிப்போட்லாம் முன்னயே போட்டாச்சு. அந்தப் பேப்பரைக் காட்டினா அவன் வாசல்ல நின்னுடுவானா?”

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன். “புது இடம் கிடைச்சதும் விலாசம் அனுப்புவியா?”

“அனுப்ப மாட்டேன்க்கா.”

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வலது கையை, மார்க்கர் பிடித்த கையை.

“நீ யார்கிட்டயும் சொல்ல மாட்டே, அது எனக்குத் தெரியும். உன் வாய் சொல்லாது. ஆனா உன் கை எழுதிடும்க்கா. நான் கடுதாசி போடறேன். நல்லா இருக்கேன்னு மட்டும் எழுதறேன். அதுக்கு மேல கேக்காதே.”

மூன்று மணி பஸ்ஸில் அவர்கள் போய்விட்டார்கள். எந்தப் பக்கம் போகிற பஸ் என்று பார்க்கக் கூடாது என்பதற்காக, நான் சாப்பாட்டுக் கடையிலேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

சுபாங்கில் திரும்பி வரும்போது கவுண்டரில் இருந்த பெண் என் பைக்குக் கட்ட ஒரு சீட்டைக் கொடுத்து, பெயரும் விலாசமும் எழுதச் சொன்னாள். என் சொந்த விலாசம்தான். பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன், கை ஓடவில்லை. பின்னால் இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பெயரின் முதல் எழுத்தை மட்டும் போட்டுக் கட்டினேன்.

ஏழு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அதுவும் என் மேஜைக்கேதான் வர வேண்டும், எங்கள் தெருத் தபாலைப் பிரிக்கிறவள் நான்தானே. கட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டே வந்தபோது மலேசியத் தபால்தலையின் ஓரம் தெரிந்தது. முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்கும். எவ்வளவு மங்கின முத்திரையாக இருந்தாலும் ஒரு பார்வையில் படித்துவிடுவேன், அது என் தொழில். சட்டென்று கட்டைவிரலால் மூடிவிட்டேன். பக்கத்து மேஜை ராஜாத்தியிடம் உறையைக் கவிழ்த்து நீட்டி, “தபால்தலை இருக்கிற மூலையைக் கிழிச்சு எடுத்துட்டுக் குடு, என்ன ஊருன்னு எங்கிட்ட சொல்லாதே” என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கிழித்துக் கொடுத்தாள். உள்ளே நான்கே வரி. நன்றாக இருக்கிறாள். வேலை கிடைத்திருக்கிறது. அம்மாவின் படத்தை மாட்டியிருக்கிறாள். என் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள்.

அதற்குப் பிறகு இன்னும் நாலு கடிதம் வந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கே பதில் எழுதிவிடுவேன். உறையில் போட்டு, ஒட்டி, தபால்தலையும் ஒட்டி, ‘வசந்தி’ என்று எழுதுவேன். புருஷன் பெயரை எழுதுவதில்லை. அதற்குக் கீழே எழுத எனக்கு ஒன்றும் தெரியாது. பாதி விலாசத்தோடு வந்த உறையை இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட வாங்கிப் போட்டதில்லை. இப்போது என் மேஜை இழுப்பறையில் ஐந்து கிடக்கின்றன.